இருவர் அமர்ந்த ஓர் இருக்கை



2007-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாள். கோடை விடுமுறை கழிந்து பள்ளி திறந்து சில நாட்களே ஆகியிருந்தன. அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிக்கும் முறை ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனுடையது. உள்நாட்டுச் செய்திகளைத் தங்குதடையின்றி வாசித்து வந்தவன், நாளிதழின் மூலையில் நான்கே வரியில் அச்சாகியிருந்த ஓர் அயல்நாட்டுச் செய்திக்கு வந்ததும் இடறி நின்றான். அதில் இருந்த பெயர் அவன் நாவுக்கு வசப்படவில்லை. இருமுறை முயன்றான், மூன்றாம் முறை வேறொரு பெயராக அது வெளிவந்தது. கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. செய்தி இதுதான்: சமோவா என்னும் தீவு நாட்டில் நாற்பத்தைந்து ஆண்டுகள் தலைவராக இருந்த முதியவர் மே மாதத்தில் காலமானார், அவருடைய இடத்துக்குப் புதியவர் ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

கூட்டம் கலைந்த பின்னர் அம்மாணவன் என் அறை வாயிலில் வந்து நின்றான். "ஐயா, நாற்பத்தைந்து வருஷம் தலைவராக இருந்தாரே, அவர் என்ன செய்தார்?" என்று கேட்டான்.

எனக்கு விடை தெரியவில்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். தெரியாததைத் தெரியாதென்று ஒப்புக்கொள்ள வேண்டும், பின்னர் தேடி அறிந்து சொல்ல வேண்டும் என்று ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்திருந்தார்கள். முதற்பாதியையும் நான் செய்யவில்லை, பிற்பாதியையும் செய்யவில்லை. நாளை என்பது மறுநாளாயிற்று, மறுநாள் மாதமாயிற்று, அவனும் பள்ளியை விட்டுப் போனான். பணி ஓய்வுக்குப் பின்னரே நூல்களைத் தேடிப் படித்தேன். அவனுக்குச் சொல்லாமல் விட்டதை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

அவர் பெயர் இரண்டாம் மாலியெத்தோவா தனுமாஃபிலி. மாலியெத்தோவா என்பது அவருடைய பட்டம். தனுமாஃபிலி என்பது பெயர். 1913 ஜனவரி 4-ஆம் நாள் பிறந்தவர். 2007 மே 11-ஆம் நாள் மறைந்தவர்.

முதலில் அவருடைய நாடு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். பாரதியார் கண்ணீர் வடித்துப் பாடிய கரும்புத் தோட்டங்கள் உள்ள ஃபிஜித் தீவுகளை நீங்கள் அறிவீர்கள். அவற்றுக்கு வடகிழக்கே, பசிபிக் மாகடலில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சென்றால் சமோவா வரும். சவாயி, உப்போலு என்று இரண்டு பெருந்தீவுகள். சில சிறு தீவுகள். எரிமலைகளால் எழுந்த நிலம். நடுவே மலை, சுற்றிலும் தென்னை, கரையோரத்தில் ஊர்கள். எல்லாம் சேர்ந்து 2,800 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. நாடு விடுதலை பெற்ற காலத்தில் மக்கள்தொகை ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் அளவில்தான் இருந்தது. தலைநகரின் பெயர் ஆப்பியா. 'புதையல் தீவு' என்ற கதையை எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் தம் வாழ்நாளின் கடைசி ஆண்டுகளை இவ்வூரையடுத்த வைலிமாவில் கழித்தார். 1894-இல் இறந்து, அங்குள்ள மலையுச்சியிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் கட்டிய வீடு பிற்காலத்தில் நம் கதைத் தலைவரின் அரசாங்க இல்லமாயிற்று. கதாசிரியன் வீடு ஆட்சித் தலைவன் மாளிகையானது உலகில் அடிக்கடி நிகழ்வதன்று.

இனி, அந்நாட்டு மக்களின் வாழ்க்கை அமைப்பைச் சிறிது சொல்ல வேண்டும். அதை அறியாமல் இவர் வாழ்வை அறிய இயலாது. சமோவாவில் தனிமனிதன் என்று ஒருவன் பேசப்படுவது குறைவு, குடும்பமே பேசப்படும். குடும்பம் என்றால் தாய் தந்தை மக்கள் மட்டும் அல்லர். கிளைகள் பலவும் கூடிய பெருங்குடும்பம். அதனை ஐங்கா என்பர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அப்பட்டத்தைத் தாங்குகிறவர் மத்தாய். குடும்பத்தின் நிலத்துக்குக் காவலர் அவர்; ஊர் அவையில் குடும்பத்தின் குரல் அவர். தந்தையின் பட்டம் மூத்த மகனுக்குத் தானே வந்து சேர்வதில்லை. தந்தைவழி, தாய்வழி உறவினர் எல்லாரும் கூடி அமர்ந்து, நாள் கணக்காகவும் சில வேளை மாதக் கணக்காகவும் பேசி, ஒருமனப்பட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். கை தூக்கி எண்ணிப் பெரும்பான்மை பார்ப்பது அவர்களுக்குப் பழக்கம் அன்று. தோற்றவன் என்று ஒருவன் எழுந்து போகாதவரையில் பேசுவார்கள்.

பட்டங்களில் நான்கு மிக உயர்ந்தவை: மாலியெத்தோவா, துபுவா தமசேசே, மத்தாஃபா, துயிமலேயாலீஃபானோ. இவற்றைத் தாங்குகிறவர்களைக் 'குடும்பங்களின் மைந்தர்' என்று பொருள்படும் சொல்லால் அழைக்கிறார்கள். மாலியெத்தோவா என்ற பட்டம் பிறந்த கதை ஒன்று உண்டு. பழங்காலத்தில் தோங்கா நாட்டார் சமோவாவை அடக்கி ஆண்டார்கள். சகோதரர் இருவர் படை திரட்டி அவர்களைக் கடற்கரை வரை விரட்டினர். தோணியேறிய தோங்கா மன்னன், கரையைத் திரும்பிப் பார்த்து, வீரர்கள் நன்கு போரிட்டார்கள் என்று பாராட்டிவிட்டுப் போனானாம். அந்தப் பாராட்டுச் சொல்லே பட்டமாயிற்று. இது வரலாறோ, கதையோ, அதை ஆராய்வதற்கு நான் தகுதியுடையவன் அல்லன். பகைவன் வாயிலிருந்து வந்த புகழையே தம் தலையாய பட்டமாகச் சூடிக்கொண்ட மக்கள் அவர்கள் என்பது மட்டும் என் நெஞ்சில் நின்றது.

இத்தகைய நாட்டில் ஐரோப்பியர் வந்து அரசன் யார் என்று தீர்ப்புச் சொல்லத் தலைப்பட்டதுதான் துன்பத்தின் தொடக்கம். 1898-இல் மாலியெத்தோவா லவுப்பெப்பா என்ற மன்னர் இறந்தார். அவருக்குப் பின் அவர் மகன் முதலாம் தனுமாஃபிலியா, மத்தாஃபா இயோசெஃபோவா என்ற வழக்கு எழுந்தது. குடும்பங்கள் கூடிப் பேசி முடிக்க வேண்டிய இக்காரியத்தை, வல்லரசுகளின் ஏற்பாட்டினால் அங்கு அமர்ந்திருந்த அமெரிக்க நீதிபதி ஒருவர் எடுத்துக்கொண்டு, தனுமாஃபிலியே அரசர் என்று தீர்ப்பளித்தார். ஜெர்மனி மத்தாஃபாவை ஆதரித்தது. இங்கிலாந்தும் அமெரிக்காவும் தனுமாஃபிலியை ஆதரித்தன. போர் மூண்டது. 1899-இல் ஆங்கிலேய, அமெரிக்கப் போர்க்கப்பல்கள் ஆப்பியாவின் மீது குண்டு பொழிந்தன. கடைசியில் மூன்று வல்லரசுகளும் ஒரு குழுவை அனுப்பின. அக்குழு செய்த முடிவு யாது? அரச பதவியையே எடுத்துவிட்டது! அவ்வாண்டின் முடிவில் மேற்குத் தீவுகளை ஜெர்மனியும் கிழக்குத் தீவுகளை அமெரிக்காவும் பங்கிட்டுக்கொண்டன. இங்கிலாந்து வேறிடங்களில் ஈடு பெற்றுக்கொண்டு விலகியது.

இப்பகுதியைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் அமர்ந்திருந்தேன். நான் தலைமையாசிரியனான முதல் ஆண்டில் நிகழ்ந்த ஒன்று நினைவுக்கு வந்தது. அந்த ஊரில் மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் நெடுநாட் பிணக்கு. பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்குத் தலைவர் வேண்டும். இரு தெருவிலும் தக்க பெரியவர் ஒவ்வொருவர் இருந்தார். அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று விடும் பொறுமை எனக்கு இல்லை. நானே ஒருவர் பெயரைச் சொல்லி, கையொப்பமும் இட்டுவிட்டேன். மறுநாள் முதல் கீழத்தெருப் பிள்ளைகளில் பாதிப்பேர் பள்ளிக்கு வரவில்லை. அவர்களைத் திரும்ப அழைத்துவர எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. நான் தேர்ந்தெடுத்தவர் நல்லவர்தாம். தவறு அவரிடம் இல்லை.

சமோவாவுக்குத் திரும்புவோம். மத்தாஃபா 1912-இல் இறந்த பின், ஜெர்மானியர் ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஒருவரை உயர்த்தினால் மற்றவர் சீறுவர் என்று கண்டு, ஃபௌதுவா எனப்படும் ஆலோசகர் பதவியில் இருவரை அமர்த்தினார்கள். ஒருவர் மாலியெத்தோவா குடியினர். அவரே முன்னர் அரசராகத் தீர்ப்புப் பெற்ற முதலாம் தனுமாஃபிலி. மற்றவர் தமசேசே குடியினர். அடுத்த ஆண்டு முதலாமவருக்குப் பிறந்த மகனே நம் கதைத் தலைவர்.

குழந்தைக்கு ஒன்றரை வயதாகும்போது முதல் உலகப்போர் மூண்டது. நியூசிலாந்துப் படை வந்து நாட்டைக் கைக்கொண்டது. 1918 நவம்பர் 7-ஆம் நாள், ஆக்லாந்திலிருந்து 'தலூன்' என்ற கப்பல் ஆப்பியாவுக்கு வந்தது. அதில் விஷக்காய்ச்சல் கண்ட பயணிகள் இருந்தார்கள். தொற்றுத் தடை ஏதுமின்றி அவர்களை இறங்கவிட்டார்கள் நியூசிலாந்து அதிகாரிகள். சில வாரங்களில் ஏறத்தாழ 8,500 பேர் மாண்டார்கள். நாட்டு மக்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் என்று எண்ணிப் பாருங்கள். பக்கத்தில் இருந்த அமெரிக்க சமோவாவிலோ, ஆளுநர் கப்பல்களைத் தடுத்து நிறுத்தியதால் ஒருவரும் சாகவில்லை. கடலில் சிறிது தூரமே இடைவெளி.

இக்கொடுமை மக்கள் மனத்தில் ஆறாத புண்ணாயிற்று. 1920-களில் 'மௌ' என்னும் இயக்கம் தோன்றியது. அதன் கோரிக்கை, சமோவா சமோவருக்கே என்பது. ஆயுதம் ஏந்தாமல், வரி கொடுக்க மறுத்து, அரசாங்கத்தோடு ஒத்துழையாமல் நடந்த இயக்கம் அது. வெள்ளைக்கோடு இட்ட கருநீல வேட்டியே அதன் சீருடை. நம் நாட்டில் காந்தியடிகள் ஒத்துழையாமை நடத்திய அதே ஆண்டுகளில் அத்தீவுகளிலும் இது நிகழ்ந்தது. இயக்கத் தலைவர் மூன்றாம் துபுவா தமசேசே லெயாலோஃபி. 1929 டிசம்பர் 28-ஆம் நாள் ஆப்பியாக் கடற்கரைச் சாலையில் ஊர்வலம் சென்றது. காவலர் ஒருவரைக் கைது செய்ய முற்பட, கைகலப்பு எழுந்து, துப்பாக்கிச் சூடு நடந்தது. இரு கைகளையும் உயர்த்தித் தம் மக்களை அமைதியாயிருக்கும்படி வேண்டி நின்ற லெயாலோஃபி குண்டு பட்டு வீழ்ந்தார். மறுநாள் உயிர் துறந்தார். பதினொரு சமோவர் வரை மாண்டனர். நியூசிலாந்துக் காவலர் ஒருவரும் இறந்தார். சாகுந் தறுவாயிலும் அவர் வேண்டிக்கொண்டது பழிவாங்க வேண்டாம் என்பதே. அந்த நாளைக் கருப்புச் சனி என்று இன்றும் சொல்கிறார்கள்.

இங்கே ஓர் இடர்ப்பாடு இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். தமசேசே குடி இயக்கத்துக்குத் தலைமை தாங்கி உயிரையும் கொடுத்தது. மாலியெத்தோவா குடித் தலைவரான முதலாம் தனுமாஃபிலியோ, இயக்கத்தில் சேரவில்லை. நியூசிலாந்து நிர்வாகத்தின் ஆலோசகராகவே இருந்தார். அந்தச் சனிக்கிழமையன்று நம் கதைத் தலைவருக்கு வயது பதினாறு. பழம்பகை போதாதென்று, இரு குடிகளுக்கும் இடையே இப்பொழுது இரத்தமும் சிந்திவிட்டது.

அவர் ஆப்பியாவிலும், பின்னர் நியூசிலாந்தில் புனித ஸ்டீவன் பள்ளியிலும் வெஸ்லி கல்லூரியிலும் கல்வி கற்றார். 1939-இல் தந்தை இறந்தார். 1940-இல் குடும்பத்தின் பட்டம் மகனுக்கு வந்தது. ஃபௌதுவா பதவியும் வந்தது. அப்பதவியில் அவருக்கு இணையாக அமர்ந்தவர் யார்? கடற்கரைச் சாலையில் வீழ்ந்த லெயாலோஃபியின் தம்பி, துபுவா தமசேசே மேயோலே. நிர்வாகத்தின் பக்கம் நின்றவர் மகனும், நிர்வாகத்தின் குண்டுக்குப் பலியானவர் தம்பியும் ஒரே மேசையின் இரு பக்கங்களில்!

இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் அங்ஙனம் அமர்ந்திருந்தார்கள். இவ்விருவருக்கும் இடையில் எத்தனை கசப்பான சொற்கள் எழுந்து, எத்தனை விழுங்கப்பட்டன என்பதை நாம் எண்ணிப் பார்க்கத்தான் முடியும். வெளியே தெரிந்தது செயல். 1946-இல் நாடு ஐக்கிய நாடுகளின் தர்மகர்த்தா ஆட்சி முறையின் கீழ் வந்தது. சமோவர் தன்னாட்சி கேட்டு விண்ணப்பம் செய்தனர். 1948-இல் அமைந்த அரசுக் குழுவில் நியூசிலாந்து ஆணையரோடு இவ்விருவரும் இடம்பெற்றனர். 1960-இல் அரசியலமைப்பு வகுக்கப் பேரவை கூடியபோது இருவரும் கூட்டுத் தலைவர்கள்.

அப்பேரவையின் முன் பழைய கேள்வி மீண்டும் வந்து நின்றது: நாட்டின் தலைவர் யார்? 1898-இல் போரில் முடிந்த அதே கேள்வி. இம்முறை தீர்ப்புச் சொல்ல அயல்நாட்டு நீதிபதி இல்லை. சமோவர் தம் வழக்கப்படி பேசினார்கள். அவர்கள் கண்ட விடை, எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாதது. இருவரும் ஒருங்கே நாட்டுத் தலைவர்கள்; இருவரும் வாழ்நாள் முழுதும் தலைவர்கள்; ஒருவர் மறைந்தால் மற்றவர் தனித்துத் தலைவராயிருப்பார்; அவரும் மறைந்த பின் சட்டமன்றம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தலைவரைத் தேர்ந்தெடுக்கும். தலைவரின் அதிகாரத்துக்கும் எல்லை வகுத்தார்கள். அமைச்சரவை சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டும்; சட்டமன்றம் நிறைவேற்றும் சட்டத்துக்கு ஒப்புதல் தர வேண்டும்; மன்றத்தின் நம்பிக்கையைப் பெற்றவரைப் பிரதம மந்திரியாக நியமிக்க வேண்டும். ஆகவே, வாழ்நாள் தலைவர் என்பதைக் கண்டு இவரை மன்னர் என்று பலர் எழுதியிருந்தாலும், சமோவா முடியரசு அன்று.

1961 மே மாதத்தில், ஐக்கிய நாடுகளின் மேற்பார்வையில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. மக்கள் பெரும்பான்மையோர் இதனை ஒப்பினர். 1962 ஜனவரி முதல் நாள், முலினூ என்ற இடத்தில் இரு தலைவர்களும் சேர்ந்து கொடியேற்றினார்கள். இருபதாம் நூற்றாண்டில் பசிபிக் தீவு நாடுகளுள் முதன்முதல் விடுதலை பெற்றது சமோவாவே. மூன்றாவது பெருங்குடியும் விடுபடவில்லை. மத்தாஃபா பட்டம் தாங்கிய ஃபியாமே முலினூ முதற் பிரதம மந்திரியானார். சோழனும் பாண்டியனும் ஓரிடத்தில் ஒருங்கிருக்கக் கண்டு, இந்நிலை நீடிக்க வேண்டுமே என்று உருகிப் பாடிய புலவர் காரிக்கண்ணனாரைப் புறநானூற்றில் சந்தித்திருப்பீர்கள். முலினூவில் அன்று அவர் நின்றிருந்தால் அவருக்குச் சொல்லுக்குப் பஞ்சம் இருந்திராது.

அந்த இணை நெடுங்காலம் நீடிக்கவில்லை. பதினைந்து மாதங்களில், 1963 ஏப்ரல் 5-ஆம் நாள், மேயோலே மறைந்தார். ஐம்பது வயதான மாலியெத்தோவா தனித்து இருக்கையில் அமர்ந்தார். அடுத்த நாற்பத்து நான்கு ஆண்டுகள் அவ்விருக்கை அவருடையதே.

இப்பொழுது அந்த மாணவனின் கேள்வி வருகிறது: அவர் என்ன செய்தார்?

பட்டியல் ஒன்று தரலாம். 1970-இல் போப்பாண்டவர் ஆறாம் பவுலும், 1977-இல் எலிசபெத் அரசியாரும் சமோவாவுக்கு வந்தார்கள். 1976-இல் நாடு ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்பினராயிற்று. 1997-இல் 'மேற்கு சமோவா' என்ற பெயரை விட்டுச் 'சமோவா' என்றே வழங்கலாயிற்று. இவையெல்லாம் அவர் காலத்தில் நிகழ்ந்தவை. அவர் செய்தவை என்று சொல்வது மிகையாகும். கோல்ஃப் ஆட்டத்தில் அவருக்கு மிகுந்த பிரியம் என்று எழுதியிருக்கிறார்கள். அதுவும் ஒரு நாட்டுத் தலைவரின் சாதனை ஆகாது.

ஆனால் வேறு வகையில் பார்க்கலாம். வாழ்நாள் பதவி கையில் இருந்தது. நாட்டின் உச்சப் பட்டங்களுள் ஒன்று தலையில் இருந்தது. இணையாக இருந்தவரும் மறைந்துவிட்டார். இந்நிலையில் ஒருவர் கையை நீட்ட நினைத்தால் எவ்வளவோ நீட்டலாம்; புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் பலவற்றில் அப்படி நீட்டியவர்களை அந்த நூற்றாண்டு கண்டது. அண்டை நாடான ஃபிஜியில் 1987-இல் இருமுறையும், பின்னர் 2000-த்திலும் 2006-லும் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது. சமோவாவிலோ பிரதம மந்திரிகள் தேர்தலில் தோற்றார்கள், வென்றார்கள், மீண்டும் தோற்றார்கள். தோற்றவர் வீட்டுக்குப் போனார். வென்றவர் மாலியெத்தோவாவின் முன் பதவி ஏற்றார்.

ஒருமுறை அவர் முடிவு பூசலுக்கு உள்ளாயிற்று. 1982-ஆம் ஆண்டில் பிரதம மந்திரி வாயி கொலோனேயின் தேர்தல் செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதவியிழந்தவரின் கட்சி, தங்களுள் வேறொருவரை அழைக்க வேண்டும் என்று கோரியது. மாலியெத்தோவா அவ்வாறு செய்யாமல், முன்னாள் பிரதம மந்திரி துபுவோலா எஃபியை அழைத்தார். இது சரியா, தவறா? கட்சிக்காரர் குமுறினர், என் எளிய அறிவுக்கும் அவர்கள் கோரிக்கையில் நியாயம் இருந்ததாகவே படுகிறது. ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். சில மாதங்களில் எஃபியின் வரவு செலவுத் திட்டத்தை மன்றம் தோற்கடித்தது, அவர் விலகினார், ஆண்டு முடியுமுன் தொஃபிலாவு எத்தி அலெசானா பிரதம மந்திரியானார். தம் முடிவை மன்றம் மாற்றியபோது அம்மாற்றத்தை மாலியெத்தோவா ஏற்றுக்கொண்டார். ஒரே ஆண்டில் மூன்று பிரதம மந்திரிகள். தெருவில் ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை.

சமயத்திலும் அவர் நடந்துகொண்ட முறை கவனிக்கத்தக்கது. சமோவர் ஆழ்ந்த கிறிஸ்தவப் பற்றுடையவர்கள். நாட்டின் இலச்சினையிலேயே கடவுளை அடித்தளமாகக் குறித்திருக்கிறார்கள். மாலியெத்தோவாவோ 1968-இல் பஹாய் சமயத்தைத் தழுவினார். சில ஆண்டுகளுக்குப் பின் அதனை வெளிப்படையாக அறிவித்தார். அச்சமயத்தைச் சார்ந்த முதல் நாட்டுத் தலைவர் அவரே. தியாபபத்தா என்ற இடத்தில் 1984-இல் எழுந்த பஹாய் வழிபாட்டுக் கோயில், இரண்டாண்டுகளுக்குப் பின் நம் தில்லியில் எழுந்த தாமரைக் கோயிலுக்கு அக்கா முறை. தலைவர் மதம் மாறியதால் குடிகள் மாறவேண்டும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. குடிகளும், வேறு சமயத்தார் எங்களுக்குத் தலைவராக இருக்கலாகாது என்று சொல்லவில்லை.

அவர் காலத்தில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. விடுதலை பெற்று இருபத்தெட்டு ஆண்டுகள் வரை, பொதுத்தேர்தலில் ஏறக்குறைய எல்லா இடங்களுக்கும் வாக்களிக்கும் உரிமை மத்தாய்களுக்கு மட்டுமே இருந்தது. மகளிரில் மத்தாய் ஆனவர் சிலரே. ஆதலின் பெண்களில் மிகப் பலர்க்கு வாக்கு இல்லை. 1990-இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் சிறிய பெரும்பான்மையால்தான் இருபத்தொரு வயதானோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. தேர்தலில் நிற்பவர் மத்தாயாக இருக்கவேண்டும் என்ற விதி அதன் பின்னும் நீடித்தது. ஒருமனப்படும்வரை பேசுவோம் என்னும் வழக்கத்துக்கு இப்படி ஒரு விலையும் உண்டு: பேச்சில் இடம்பெறாதவர்கள் நெடுங்காலம் காத்திருக்கிறார்கள்.

2002 ஜூன் மாதத்தில், விடுதலையின் நாற்பதாம் ஆண்டு விழாவின்போது, நியூசிலாந்துப் பிரதம மந்திரி ஹெலன் கிளார்க் ஆப்பியாவுக்கு வந்து, 1918-இன் விஷக்காய்ச்சலுக்கும், கருப்புச் சனியின் துப்பாக்கிச் சூட்டுக்கும், தலைவர்களை நாடு கடத்தியதற்கும் தம் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அந்தக் காய்ச்சலை ஐந்து வயதுக் குழந்தையாகக் கண்டவர், அம்மன்னிப்பு வந்தபோது எண்பத்தொன்பது வயதில் நாட்டின் தலைவராக இருந்தார்.

2007-இல் அவர் மறைந்தபோது உலகிலுள்ள நாட்டுத் தலைவர்களுள் வயதில் மூத்தவர் அவர். பதவிக் காலத்தில் தாய்லாந்து மன்னரும் இங்கிலாந்து அரசியாருமே அவருக்கு முற்பட்டவர்கள். சட்டமன்றம் கூடி அடுத்த தலைவரைப் போட்டியின்றித் தேர்ந்தெடுத்தது. அவர்தாம் துபுவா தமசேசே எஃபி. ஆம், 1982-இல் மாலியெத்தோவா அழைத்த அதே எஃபி. பதினைந்து மாதமே இணைத்தலைவராக இருந்து மறைந்த மேயோலேயின் மகன். என் மாணவனின் நாவை இடறச் செய்த பெயர் இதுவே. பத்து ஆண்டுகள் அவர் அப்பதவியில் இருந்தார்.

அவருக்குப் பின், 2017-இல், நான்காம் பெரும்பட்டத்தைத் தாங்கிய துயிமலேயாலீஃபானோ வாலெத்தோவா சுவாலவுவி தலைவரானார். 2021 ஏப்ரலில் நடந்த பொதுத்தேர்தலில் இரு கட்சிகளும் சமபலத்தில் வந்தன. சுயேச்சை ஒருவர் சேர்ந்ததால் ஃபியாமே நவோமி மத்தாஃபா என்ற அம்மையாருக்குப் பெரும்பான்மை கிடைத்தது. இவர் முதற் பிரதம மந்திரியின் மகள். மன்றம் கூடவேண்டிய நாளுக்கு முன், அதனை நிறுத்திவைப்பதாக நாட்டுத் தலைவர் ஓர் ஆணை பிறப்பித்தார். உச்சநீதிமன்றம் அவ்வாணையைத் தள்ளியது. மே 24-ஆம் நாள் தலைமை நீதிபதியே நேரில் வந்தார். மன்றத்தின் கதவு பூட்டிக் கிடந்தது. வெளியே புல்வெளியில் கூடாரம் அடித்து, அதன் கீழ் ஃபியாமே அம்மையார் பதவி ஏற்றார். நாட்டில் இரண்டு அரசாங்கம் என்ற நிலை இரண்டு மாதம் நீடித்தது. ஜூலை 23-ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றம், கூடாரத்தில் எடுத்த உறுதிமொழி செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதன் பின்னரே அந்நாட்டின் முதல் பெண் பிரதம மந்திரி தம் அலுவலகத்துக்குள் நுழைந்தார்.

அந்த இரண்டு மாதமும் நான் நாளிதழை ஆவலோடு எதிர்பார்த்திருந்தேன். தலைவர் கையை நீட்டினால் என்ன ஆகும் என்பதை அப்பொழுதுதான் கண்டேன். நாற்பத்தைந்து ஆண்டுகளாக அது ஏன் செய்தித்தாளின் மூலையில்கூட வரவில்லை என்பதும் அப்பொழுதுதான் எனக்கு விளங்கியது.

இன்னும் ஒன்று. துயிமலேயாலீஃபானோவின் ஐந்தாண்டு 2022-இல் முடிந்தது. அவருடைய ஆணையால் கூடாமல் தடுக்கப்பட்ட அதே மன்றம் கூடி, அவரையே மீண்டும் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.